படம் போடலாம், முகவரி போடாதீர்கள் – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகளின் கைப்பேசிப் படங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிறிய ஊர் என்பதால் எழுதியவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: மகள் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். பொங்கல், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எல்லாப் படங்களையும் இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். கைப்பேசியைப் பிடுங்கி வை என்கிறார் அவள் அப்பா. என்ன செய்வது?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. கைப்பேசி போய்விடும் என்று பயப்படும் பிள்ளை, நாளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் உங்களிடம் வாய் திறக்காது. தோழியின் கைப்பேசியில் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கைத் திறந்துகொள்ளவும் வழி இருக்கிறது.

ஒரு நாள் மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாகப் போட்ட இருபது படங்களை இருவருமாகப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான்: முன்பின் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் இவளை எங்கே வந்து தேடுவார்? சட்டையில் பெயர்ப் பட்டை, பள்ளிச் சின்னம், வீட்டு எண், அப்பாவின் மோட்டார் சைக்கிள் நம்பர், டியூஷன் நிலையத்தின் பலகை, கோவில் வளைவில் எழுதியிருக்கும் தோட்டத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கோலாலம்பூரில் பள்ளிச் சின்னத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைத் தேடுவது கடினம். நம் ஊரில் சின்னமும் பெயரும் தெரிந்தால் போதும், கடைத்தெருவில் இரண்டு பேரைக் கேட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். அதனால் முகம் தெரிவதைப் பற்றி அவளிடம் சண்டை போடாதீர்கள். பின்னணியை வெட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கட்டும். கோவிலில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்த பிறகு போடட்டும். இருக்கும் இடத்தைக் காட்டும் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

கேமரா தானாகவே இடத்தைப் படத்துக்குள் பதித்துவைக்கும். ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்' என்பதை அணைக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் 'நெவர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் நீக்கப்பட்டுவிடும். தெளிவு குறையக்கூடாது என்று அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும்போது இடமும் கூடவே போகும்.

பிறகு கணக்கின் பிறந்த ஆண்டைப் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்த பதின்ம வயதினர் கணக்கு முறையில், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிறது. 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதி இல்லாமல் அதைத் தளர்த்த முடியாது. ஆனால் கணக்கு திறக்கும்போது 2000-இல் பிறந்ததாகப் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. அக்கவுண்ட்ஸ் சென்டர், பெர்சனல் டீட்டெயில்ஸ் பகுதியில் பிறந்த தேதியைச் சரிபாருங்கள். பிரைவேட் ஆக்கினாலும் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள். பட்டியலைத் திறந்து, நேரில் பார்த்துப் பேசியிராத ஒவ்வொருவரையும் அவளே நீக்கட்டும். நீக்கியது அவர்களுக்கு அறிவிப்பாகப் போகாது. வாட்ஸ்அப்பில் முகப்புப் படம், குழுவில் சேர்க்கும் உரிமை இரண்டையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் கறுப்பு. ஃபில்டர் இல்லாமல் படம் போட்டால் கேலி செய்கிறார்கள். என் மூக்கும் பெரிதாகத் தெரிகிறது. படம் போடுவதையே நிறுத்திவிட்டேன். (நான்காம் படிவ மாணவி)

பதில்: தங்கை, முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிக் குற்றம் அதனுடையது. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான். 12 அங்குல தூரத்தில் எடுத்தால் மூக்கு உண்மையைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஐந்தடி தள்ளி நின்றால் அந்தக் கோளாறு மறைந்துவிடுகிறது. கைப்பேசியை மேசைமேல் சாய்த்துவைத்து, 10 விநாடி டைமர் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று எடுத்துப் பார். பிறகு தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. வெள்ளைப் பள்ளிச் சட்டையோ வெயில் அடிக்கும் வானமோ படத்தில் இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று கேமரா தானாகவே எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அடிபடுவது உன் முகம். திரையில் உன் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்து. வெயிலுக்கு முதுகு காட்டி நிற்காதே. மாலை ஐந்தரை, ஆறு மணி வெளிச்சத்தில், வாசல் பக்கம் பார்த்து நின்றால் உன் நிறம் உள்ளபடியே அழகாக விழும். வெளுப்பாக்கும் ஃபில்டர் உன் முகத்தில் எதையும் திருத்துவதில்லை. அதை அணைக்கும்போதெல்லாம் உன்னை நீயே குறைவாக நினைக்கும்படி செய்வதுதான் அது செய்கிற வேலை.

கேலிக்கு: இன்ஸ்டாகிராமில் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' பகுதியில் நீ விரும்பாத சொற்களை நீயே சேர்க்கலாம். தமிழ் எழுத்தில் ஒரு முறை, நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வதுபோல் ஒரு முறை, மலாய்ச் சொற்களையும் சேர். அந்தச் சொல் உள்ள கருத்துகள் மறைக்கப்படும். வகுப்புத் தோழியே கேலி செய்கிறாள், பிளாக் செய்தால் பள்ளியில் பிரச்சினை வரும் என்றால் 'ரெஸ்ட்ரிக்ட்' போதும். அவள் எழுதுவது அவளுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. லைக் எண்ணிக்கையையும் மறைத்துவைக்கலாம். கேலி நிற்காமல் தொடர்ந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் காட்டு. படம் போடுவதை நிறுத்தாதே. நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள்.

கேள்வி: வேறு பள்ளியில் படிக்கும் ஒரு பையன், ஒரே ஒரு படம், 'வியூ ஒன்ஸ்' (ஒரு முறை மட்டும் திறக்கும்படி) போட்டு அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அனுப்பாவிட்டால் நம்பிக்கை இல்லை என்று கோபிக்கிறான். (வயது 16)

பதில்: அனுப்பாதே. 'வியூ ஒன்ஸ்' படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் விடாது, உண்மைதான். பக்கத்தில் இருக்கும் நண்பனின் கைப்பேசியால் திரையைப் படம்பிடிக்க இரண்டு விநாடி போதும். அது உனக்குத் தெரியவும் வராது.

விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பான். ஒரே வரியில் முடி: "அந்த மாதிரி படம் யாருக்கும் அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை கேட்டால் பிளாக்." சொன்னபடியே செய். 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரும் சிறாரே. சிறாரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதற்கே ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பரப்பினால் இன்னும் கடுமை. உண்மையாகவே உன்மேல் அக்கறை உள்ளவன் தன்னையும் இந்த ஆபத்தில் தள்ளிக்கொள்ள மாட்டான். முன்பே ஏதாவது அனுப்பிவிட்டிருந்தால் பயந்து ஒளிந்துகொள்ளாதே. அடுத்த பதிலில் உள்ள வழிகள் உனக்கும் பொருந்தும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. முகநூலில் பழகிய ஒரு பெண் வீடியோ காலில் கூப்பிட்டு, அவனைத் தப்பான கோலத்தில் பதிவு செய்துவிட்டாள். 500 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பாவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்புவதாக மிரட்டல். 200 அனுப்பிவிட்டான். நேற்று இரவுதான் அழுதுகொண்டே சொன்னான்.

பதில்: ஐயா, அவன் உங்களிடம் சொன்னதே பெரிய காரியம். இதற்காக அவனை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பது பெரும்பாலும் பெண்ணே அல்ல. முன்பே பதிவு செய்த ஒரு பெண்ணின் வீடியோவை ஓட்டிக் காட்டும் கும்பல். அவர்கள் முதலீடு செய்வது ஒன்றே ஒன்றில்தான்: அப்பாவுக்குத் தெரிந்தால் செத்தேன் என்று பிள்ளை நினைக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த அந்த நிமிடமே அவர்கள் பிடி தளர்ந்துவிட்டது.

இனி ஒரு காசும் அனுப்பக்கூடாது. பணம் வந்தால் மிரட்டல் நிற்காது. இந்த வீட்டில் பணம் பெயரும் என்று தெரிந்துகொண்டு அடுத்த தொகையைக் கேட்பார்கள். பதில் எழுதுவதையும் நிறுத்துங்கள். கெஞ்சினாலும் திட்டினாலும் பேச்சு தொடரும், அதுதான் அவர்களுக்கு வேண்டும். அனுப்பிய 200 வெள்ளிக்காக உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வாய்ப்புண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிளாக் செய்வதற்கு முன்னால் ஆதாரம். இந்த வரிசையை மாற்றிவிட்டுப் பலர் கையைப் பிசைகிறார்கள். அவர்களுடைய கணக்கின் முகப்பு, அதன் பயனர் பெயர், முகவரி இணைப்பு, தொலைபேசி எண், பணம் கேட்ட வங்கிக் கணக்கு எண், மிரட்டல் செய்திகள், தேதி, நேரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் தெரிய வேண்டும். காட்சிப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அது மட்டும் போதாது. டெலிகிராமில் அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்தே உரையாடலை இரு பக்கமும் அழித்துவிட முடியும். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவர்களுக்கு அறிவிப்பு போகும். இந்த இரண்டிலும் உங்கள் கைப்பேசியால் மகனின் திரையைப் படம்பிடியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: அந்த ஆபாசப் படத்தையோ வீடியோவையோ உங்களுக்கோ உறவினருக்கோ 'ஆதாரம்' என்று அனுப்பிக்கொள்ளாதீர்கள். அவன் சிறார் என்பதால் அந்தப் படத்தைக் கைமாற்றுவதே சட்டச் சிக்கல். மகனின் கைப்பேசியோடு போலீஸ் நிலையத்துக்குப் போய்க் காட்டினால் போதும்.

ஆதாரம் எடுத்ததும் கணக்கை அந்தச் செயலியிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். மகனின் முகநூல் நண்பர்கள் பட்டியலை 'ஒன்லி மீ' என்றும், மற்றக் கணக்குகளைப் பிரைவேட் என்றும் மாற்றுங்கள். சொந்தக்காரர்களின் பெயரை அவர்கள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

அடுத்து 'டேக் இட் டவுன்'. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறாருக்கான தேசிய மையம் 2023-இல் தொடங்கிய இலவசச் சேவை இது. 18 வயதுக்குக் கீழ் எடுக்கப்பட்ட படங்களுக்கு மலேசியாவிலிருந்தும் பயன்படுத்தலாம். பெயர் கொடுக்க வேண்டியதில்லை. படம் உங்கள் கைப்பேசியை விட்டு எங்கும் போகாது. அதிலிருந்து அந்தப் படத்தை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் உருவாகி, முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்குவார்கள். வாட்ஸ்அப் போன்ற, மறையாக்கம் செய்த (பேசுபவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய) உரையாடலுக்குள் இது வேலை செய்யாது. அந்தப் படம் மகனின் கைப்பேசியில் இருந்தால்தான் எண் எடுக்க முடியும் என்பதால், மிரட்டியவன் அனுப்பியதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். டவுன் நிலையத்தில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று மகன் கூசினால் ஈப்போவுக்குப் போங்கள். சிறார் பாலியல் வழக்குகளைப் பார்ப்பது டி11 என்ற பிரிவு; அந்த அதிகாரியிடம் பேச வேண்டும் என்று முகப்பிலேயே சொல்லுங்கள். சிறாரைப் பாலியல் படத்தால் மிரட்டுவது 2023 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 நாள் முழுதும் இயங்குகிறது. 019-261 5999 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு.

இந்த வாரம் அவனைத் தனியே விடாதீர்கள். இரவில் கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். தண்டனையாக அல்ல, மிரட்டல் செய்திகள் இரவில்தான் குவியும் என்பதால் என்று அவனிடமே சொல்லுங்கள். சாப்பிடாமல், பேசாமல் இருந்தாலோ, உயிரை விடுவது போல் பேசினாலோ மனத்துயரில் இருப்பவர்களுக்கு உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணை அவனோடு சேர்ந்தே அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

கேள்வி: என் சாதாரணப் படத்தை எடுத்து, ஆடையில்லாத மாதிரி ஏஐ-இல் மாற்றி வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். பொய்ப் படம்தானே, புகார் எடுப்பார்களா?

பதில்: எடுப்பார்கள். 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் மாணவிகளின் படங்களை இப்படி மாற்றிய 16 வயது மாணவன் கைது செய்யப்பட்டான். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் அபராதத்தின் உச்சவரம்பு 2025 பிப்ரவரி முதல் 500,000 ரிங்கிட். மேலே சொன்ன ஆதாரம், டேக் இட் டவுன், டி11 எல்லாம் உனக்கும் உண்டு. குழுவில் இருந்தவர்களின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடு. யார் அட்மின், யார் முதலில் போட்டது என்பது விசாரணைக்குத் தேவை. குழுவை விட்டு வெளியேறுவது அதன் பிறகு. எந்தப் படத்திலிருந்து எடுத்தார்கள் என்று யாராவது உன்னைக் குடைந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீ போட்ட படத்தில் தவறு இல்லை.

கேள்வி: தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் பிள்ளைகள் படங்களை எப்படிப் போடுவது?

பதில்: ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், மறுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் படம் ஏற்றுபவர் கையில் இருக்கட்டும். குழுவாக எடுத்த படங்களே நல்லது. படத்துக்குக் கீழே முழுப்பெயரும் வகுப்பும் சேர்ந்து வரக்கூடாது. பரிசு பெற்ற பிள்ளையென்றால் முதற்பெயர் போதும். நீச்சல், சட்டை மாற்றும் இடம், அழும் பிள்ளை ஆகிய படங்கள் வேண்டாம்.

பழைய ஆல்பங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தேர்வு முடிவுத் தாள், சான்றிதழ் ஆகியவற்றை அடையாள அட்டை எண்ணோடு ஏற்றியிருப்பார்கள். மைகாட் (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். எண்ணை மறைக்கும்போது பேனாக் கருவியால் கிறுக்காதீர்கள். ஹைலைட்டர் வகைப் பேனாவின் மை முழுதாக மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை அடியோடு வெட்டிவிட்டு, பழையதை நீக்கி, புதிதாக ஏற்றுங்கள்.