ஜாடியா, ஃப்ரீசரா?

கேள்வி: இறைச்சியை ஜாடியில் அடைத்து, கொதிநீரில் 3 மணி நேரம் வைத்தால் ஃப்ரீசர் இல்லாமல் தாங்குமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. பாட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கும் உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் சாகாமல், காற்றில்லா ஜாடிக்குள் முளைத்து நஞ்சு சுரக்கும். வாடைகூட மாறாமல் இருக்கலாம். 116 டிகிரியாவது ஏற வேண்டும். அதற்கு பிரஷர் கேனர்தான் (ஜாடிகளை அழுத்த நீராவியில் சூடாக்கும் பாத்திரம்), சமையல் குக்கர் உதவாது. எலும்பில்லாத துண்டுகளுக்கு, அரை லிட்டர் ஜாடியில் மேலே ஓர் அங்குலம் காலி விட்டு, வெயிட் போடும் கேனரில் 10 பவுண்டு அழுத்தத்தில் 75 நிமிடம். 1000 அடிக்கு மேலுள்ள ஊரென்றால் 15 பவுண்டு.

இத்தனை பாடு எதற்கு என்றால் ஃப்ரீசரே மேல். மைனஸ் 18 டிகிரி, ஒருவேளைச் சமையலுக்கான தட்டைப் பொட்டலம், காற்றைப் பிதுக்கி வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் வெளுத்த, காய்ந்த திட்டுகள் விழும். கெடுதல் இல்லை, ஆனால் சக்கைதான். கொத்துக்கறியை 4 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.