மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. சாதாரணக் காசநோய் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை போதும் என்கிறார்கள். எங்கள் பெரியப்பா இதே நோய்க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஊசியும் மாத்திரையுமாக இருந்தார். இது அரைகுறைச் சிகிச்சை ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகளும் சேர்ந்த இந்த முறை, உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆய்வில் சோதிக்கப்பட்டது. அதில் இம்முறையில் சேர்ந்தவர்களில் 89 சதவீதத்தினர் நல்ல பலன் பெற்றனர். பழைய நீண்ட முறையில் 52 சதவீதத்தினரே பெற்றனர். பக்கவிளைவு முதலிய காரணங்களால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தவர்கள் பழைய முறையில் மிகுதியாக இருந்ததே இவ்வளவு வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதைப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. அரசின் காசநோய்த் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம்.

தொடங்குமுன் ஒன்றை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்: மாக்சிஃப்ளாக்சசின் அடங்கிய ஃப்ளோரோகுயினோலோன் வகை மருந்துகளுக்கும் கிருமி எதிர்ப்புக் காட்டுகிறதா என்று சளிப் பரிசோதனை செய்யப்பட்டதா? எதிர்ப்பு இருந்தால் மாக்சிஃப்ளாக்சசினை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தருவார்கள். தேவைப்பட்டால் ஒன்பது மாதம் வரை நீட்டிப்பார்கள்.

சிகிச்சையின்போது அதிகக் கவனம் தேவைப்படுவது லினெசோலிட். பாதம் எரிதல், மரத்துப்போதல், பார்வை மங்குதல், இரத்தச்சோகை ஆகியவை இதனால் வரலாம். நரம்பு பாதிப்பு முற்றினால் முழுமையாக மீளாமல் போகக்கூடும் என்பதால், கால் விரலில் முதல் எரிச்சல் தோன்றும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ சில நாள் நிறுத்தி வைக்கவோ அவருக்கு வழி உண்டு. இதயத் துடிப்பின் லயம் மாறக்கூடும் என்பதால் ஈசிஜியையும் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஆன்டாசிட்டை மாக்சிஃப்ளாக்சசினுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும்.

தம்பி தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பெடாகுயிலின் உடலில் மாதக்கணக்கில் தங்கும். மற்ற மூன்றும் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். எஞ்சிய கிருமிகள் இந்த ஒற்றை மருந்தை மட்டும் எதிர்கொண்டு, அதற்கும் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். உலக அளவில் வல்லுநர்கள் இன்று மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மருந்து பரவிய வேகத்தில் அதற்கான எதிர்ப்பைக் கண்டறியும் பரிசோதனை வசதி பரவவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகங்கள் தேவைப்படுவதால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகிறது. புதிய மருந்துக்குச் செலவிடும் அரசுகள் இந்த ஆய்வகங்களுக்கும் அதே அக்கறையுடன் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மருந்து எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். பிற நிறுவனங்கள் பெடாகுயிலினைத் தயாரிப்பதைத் தடுத்துவந்த முதன்மைக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிந்தது. அதை மேலும் நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கோரியபோது, காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும் எதிர்த்து மனு செய்தனர். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அக்கோரிக்கையை நிராகரித்தது. இருவருமே பழைய சிகிச்சையின் ஊசி மருந்துகளால் கேட்கும் திறனை இழந்தவர்கள்.

சத்தான உணவுக்காக அரசு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்குகிறது; வங்கிக் கணக்கு விவரத்தைச் சிகிச்சை மையத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.