பத்து நிமிஷத்தில் காலி: பெரிய நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுப்பது?

செல்லப்பிராணி கேள்வி-பதில்: கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: டாக்டர் அம்மா, எங்கள் லேப்ரடாருக்கு இரண்டரை வயது, எடை 38 கிலோ. கடையில் விற்கும் தோல் எலும்பில் பெரிய சைஸாகப் பார்த்து வாங்கினாலும் ஒரு சாயங்காலம்கூடத் தாங்குவதில்லை. மற்றதெல்லாம் பத்து நிமிஷத்தில் காலி. வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஒன்றும் கொடுக்காவிட்டால் வாஷிங் மெஷின் பைப், மாமனாரின் செருப்பு என்று ஆரம்பித்துவிடுகிறான். கறிக்கடை பாய் மாட்டுக்கால் எலும்பு சும்மாவே தருகிறேன் என்கிறார். ரொம்ப நேரம் தாங்குகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்களேன். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் பாயிடம் நன்றி சொல்லி, எலும்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ரொம்ப நேரம் தாங்கும், மறுக்கவில்லை. கொஞ்சமும் வளைந்து கொடுக்காத ஒரு சாமானை 38 கிலோ நாய் முழு பலத்தோடு கடித்தால் பல் உடையும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக, நான்காவது முன்கடைவாய்ப்பல் என்று ஒரு பெரிய பல் இருக்கிறது. எலும்பை வாயோரத்துக்குத் தள்ளி, தலையைச் சாய்த்துக் கடிப்பான் பாருங்கள், அப்போது வேலை செய்வது அதுதான். கெட்டிச் சாமான் கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு இந்தப் பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. சாப்பாட்டையும் நிறுத்தாது. கொஞ்ச காலம் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும். "குளவி கொட்டிடுச்சு டாக்டர்" என்று கூட்டி வருவார்கள். வாயைத் திறந்து பார்த்தால் பல் உடைந்து வேரில் சீழ் வைத்திருக்கும். அந்தப் பல்லுக்கு வேர் மூன்று. மயக்க மருந்து கொடுத்து, பல்லைத் துண்டு போட்டு, வேர் வேராக எடுக்க வேண்டும். சும்மா கிடைத்த எலும்புக்கு எவ்வளவு செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகவைத்த எலும்பு இன்னும் மோசம். கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். நல்லி எலும்பை வளையமாக வெட்டிக் கொடுத்தால் அது கீழ்த்தாடையில் கோரைப்பற்களைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எலும்பை நிறையத் தின்ற நாய்க்கு மலம் சுண்ணாம்புக்கட்டியாக இறுகி, எனிமா கொடுக்கும் நிலைமை வரும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது தடம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. மாட்டுக் குளம்பு, எருமைக் கொம்பு, கெட்டி நைலான் எலும்பு எல்லாம் இதில் தோற்றுவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் மான் கொம்பைக் கொடுக்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. நம் ஊரில் பல்லுக்கு முன்னால் சட்டம் வந்து நிற்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பு வாங்குவதும் விற்பதும் குற்றம்.

இனி நீங்கள் வாங்கும் தோல் எலும்பு. தோல் பதனிடும்போது மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போய்விடும். மிஞ்சும் உள் அடுக்கைச் சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்கி, வெளுத்து, சுருட்டிக் காயவைப்பதுதான் இது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிதானமாகக் கடிக்கிற நாய்க்கு அவ்வளவு ஆபத்தில்லை. உங்கள் பையன் அந்த ரகம் கிடையாது. எச்சிலில் ஊறியதும் முடிச்சுப் பகுதியைப் பிய்த்து முழுசாக விழுங்குவான். ஒரு துண்டை வெந்நீரில் போட்டு, மறுநாள் காலையில் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பாருங்கள். அது தொண்டையிலோ குடலிலோ அடைத்தால் எக்ஸ்ரேயிலும் எலும்பு மாதிரித் தெளிவாகத் தெரியாது.

கெட்டியானதும் ஆகாது, விழுங்கக்கூடியதும் ஆகாது என்றால் வேறு என்னதான் கொடுப்பது என்கிறீர்களா? கடிக்கிற நேரத்தை விட்டுவிட்டு நக்குகிற நேரத்தை நீட்டுங்கள். உள்ளே குழிவான, கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி, சாப்பாட்டை அதற்குள் அடைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். இந்த ரகத்தில் பெயர் பெற்றது காங். அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தன் ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு வோக்ஸ்வேகன் வேனின் ரப்பர் பாகத்தை விடாமல் கடிப்பதைப் பார்த்து உருவாக்கியது. 1976இலிருந்து விற்பனையில் இருக்கிறது. சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு முரட்டுக் கடிக்கு. 38 கிலோவுக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ் கறுப்பு வாங்குங்கள். விலை கையைக் கடிக்கும், ஆனால் மாசாமாசம் தோல் எலும்பு வாங்குகிற செலவு மிச்சம். வேறு கம்பெனிப் பொம்மை வாங்கினால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓட்டை இருந்தால் உள்ளே காற்று உறிஞ்சி நாக்கு மாட்டிக்கொள்ளும்.

உள்ளே என்ன அடைப்பது? உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதம், வேகவைத்த பரங்கிக்காய், கேரட், முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி என்று வீட்டில் இருப்பதே போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வாயை அடைக்கக் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவலாம், பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு. சைலிட்டால் என்றோ ஐஎன்எஸ் 967 என்றோ போட்டிருந்தால் தொடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சர்க்கரைப் பதிலி, நாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். கல்லீரலையும் கெடுக்கும். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய சூயிங்கம், மிட்டாய் எதுவும் அவனுக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

பொம்மை வாங்கும் வரைக்கும் பழைய துண்டு போதும். அதில் அவனுடைய உலர் தீவனத்தைத் தூவி, சுருட்டி, தளர்வாக முடிச்சுப் போடுங்கள். மோப்பம் பிடித்து அவிழ்ப்பதில் அவனுக்கு நேரம் போகும். துணியைக் கிழித்து விழுங்குகிற நாயாக இருந்தால் மட்டும் இது வேண்டாம்.

அடைக்கும் சாப்பாட்டை ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். இந்த எடை சரியான எடைதானா என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் குண்டு என்று அர்த்தம். 38 கிலோ லேப்ரடாருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1500 கலோரி போதும். அதில் ட்ரீட் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கலோரிக்கு மேல் போகக்கூடாது. ஐம்பது கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டிலேயே 220 கலோரி தாண்டிவிடும். கேரட் என்றால் நூறு கிராமுக்கு நாற்பதுதான். "எவ்வளவு போட்டாலும் பட்டினி கிடந்தவன் மாதிரி பார்க்கிறானே" என்று மனசு இளகாதீர்கள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே பசிக்கலாம். அதற்காகப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

வாஷிங் மெஷின் பைப்புக்கு வேறு வைத்தியம்: காலையில் வெயில் ஏறுமுன் நன்றாக நடத்திக் கூட்டிவாருங்கள். இரண்டரை வயது லேப்ரடாரை நாள் முழுக்க மொட்டைமாடியில் கட்டிப்போட்டால், எந்த எலும்பு கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் புழங்குவதில்லை. ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கிறோம். நேபாள யாக் பால்கட்டி சைவம் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: சைவம்தான். இமயமலைப் பக்கம் சுர்பி என்று மனிதர்களே வாயில் அடக்கிக்கொள்ளும் பண்டம் அது. நாய்க்கென்று விற்பதை யாக் பாலும் பசும்பாலும் கலந்து, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, உப்புச் சேர்த்து, அழுத்திக் காயவைத்துச் செய்கிறார்கள். புரதம் நிறைய, கொழுப்பு குறைவு. சிக்கல் அதன் கெட்டித்தன்மையில்தான் இருக்கிறது. மேலே சொன்ன நகச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. சுரண்டிச் சுரண்டித் தின்கிற நாய்க்குக் கொடுக்கலாம். கடைவாயில் வைத்து நொறுக்கப் பார்க்கிற நாய்க்கு வேண்டாம். ஊறவைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இளகும். இரண்டு அங்குலத் துண்டாகக் குறைந்ததும் பிடுங்கிவிடுங்கள், விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். அந்த மிச்சத்தை மைக்ரோவேவில் ஒரு நிமிடத்துக்குள் உப்ப வைத்து, நன்றாக ஆறியதும் கொடுக்கலாம். அப்போது மொறுமொறுவென்று கடிபடும்.

வீட்டிலேயே செய்வதென்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அரை வேக்காடு வேகவைத்து, நீளவாக்கில் அரை விரல் கனத்துக்கு நறுக்கி, வடாமுக்கு விரிக்கும் வேட்டியிலேயே காயப்போடுங்கள். மேலே மெல்லிய துணி மூட வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும், ஒடியக்கூடாது. பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் குப்பைத்தொட்டிதான். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். இது ஒரு கால் மணி நேரம் தாங்கினால் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நேரம் வேண்டுமென்றால், மேலே சொன்ன ரப்பர் பொம்மைக்குள் தயிரும் பரங்கிக்காயும் அடைத்து உறைய வைத்துக் கொடுங்கள், ஆசாரத்துக்கும் பங்கமில்லை.

கேள்வி: கோடையில் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை எங்கள் ராஜபாளையம் நாய்க்குப் போடுவோம். மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருக்கும். தப்பில்லையே? (வாசகர், பெரியகுளம்)

பதில்: தப்புதான். சதை போனபின் கொட்டை வழுவழுவென்று ஆகி, பெரிய நாயின் தொண்டையில் சுலபமாக இறங்கிவிடும். சிறுகுடலில் போய் நிற்கும். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். மக்காச்சோளத் தக்கையும் அப்படியே, அதையும் போடாதீர்கள். பனங்கொட்டை விழுங்கும் அளவில் இல்லை, ஆனால் அதன் நார் குடலில் சேரும். கொட்டை தின்ற நாய் தொடர்ந்து வாந்தியெடுத்து, சாப்பிடாமல், மலம் போகாமல் கிடந்தால் விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் ராட்வீலர் சாது. ஆனால் உலர்த்திய பன்றிக் காதைக் கடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கிட்டே போனால் உறுமுகிறான். மூன்று வயதுப் பேத்தி லீவுக்கு வரப்போகிறாள். அடித்துத் திருத்தலாமா? (வாசகர், கோவை)

பதில்: அடித்தால் உறுமுவதை நிறுத்துவான், நேராகக் கடிப்பான். உறுமல் அவன் கொடுக்கிற எச்சரிக்கை, அதை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்குவதற்குப் பதிலாக மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள். அவன் எதையாவது கடிக்கும்போது நாலடி தள்ளி நின்று ஒரு துண்டு கோழிக்கறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆள் வந்தால் நல்லது கிடைக்கிறது என்று அவனுக்குப் புரிந்தபின் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அப்புறம் "விடு" என்று சொல்லி, அவன் விட்டதும் கறியைக் கொடுத்து, முடிந்தால் கடித்துக்கொண்டிருந்த சாமானையும் திருப்பிக் கொடுங்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை. பேத்தி வருவதற்குள் முடியாது.

அதனால் அவள் இருக்கும் நாட்களில் கடிக்கிற சாமான் எதுவானாலும் தனி அறையில், கதவைச் சாத்திவிட்டுக் கொடுங்கள். அந்தப் பன்றிக் காதை அடியோடு நிறுத்துங்கள். 2019இல் அமெரிக்காவில் இதே உலர்ந்த பன்றிக் காதுகளிலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றியது. நாய் கடித்துப் போட்ட துண்டைக் குழந்தை எடுத்து வாயில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்கெனவே கொடுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். லீவு முடிந்ததும் பழக்கலை ஆரம்பித்து, எப்படிப் போகிறதென்று எழுதுங்கள். அப்போது நாயின் வயதையும் எடையையும் குறிப்பிட மறக்காதீர்கள்.