ஆறு மணிக்கு இரவு உணவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் இலையுதிர் காலத்தில் மனைவியுடன் ஜப்பான் செல்கிறேன். மலைப்பகுதியில் உள்ள ஒரு ரியோகானில், அதாவது அந்நாட்டு மரபான விடுதியில், தங்கலாமென்று விசாரித்தால், கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு என்கிறார்கள். கட்டில் இல்லை. இரவு உணவு ஆறு மணிக்கு. அதற்குள் வந்துவிட வேண்டுமாம். பெரிய ஓட்டலுக்கு நிகரான பணத்தைக் கொடுத்துவிட்டு மாணவர் விடுதியில் இருப்பதுபோல் ஏன் இருக்க வேண்டும்? போதாக்குறைக்கு நாங்கள் சைவம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரியோகானில் நீங்கள் பணம் கொடுப்பது அறைக்கு மட்டும் அன்று. இரவு உணவு, குளியல், படுக்கை, காலை உணவு எல்லாம் சேர்ந்த ஓர் இரவுக்கு. இலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் விருந்தைப் போல, ஆளுக்கு இவ்வளவு என்று அவர்கள் கணக்கிடுவது அதனால்தான்.

நேரக் கட்டுப்பாடும் அந்த ஏற்பாட்டிலிருந்தே வருகிறது. நான்கு மணிக்குத் தத்தாமிப் பாய் விரித்த அறையில் தாழ்வான மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்துவீர்கள். நீங்கள் கூடத்தில் உணவருந்தும் நேரத்தில் பணியாளர்கள் வந்து அதே மேசையை ஓரமாக நகர்த்தி, சுவர் அலமாரியிலிருந்து மெத்தைகளை எடுத்து விரித்துவிடுவார்கள். உணவும் ஒரே தட்டில் வருவதில்லை. காட்டுக் கீரைகள், உப்பிட்டுச் சுட்ட ஆற்றுமீன், மேசைமீதே சிறு அடுப்பில் கொதிக்கும் சட்டி என்று ஒவ்வொன்றாக, அதற்குரிய சூட்டில் வரும். ஒருவர் எட்டு மணிக்கு வந்தால் இந்த வரிசை முழுவதும் குலைந்துவிடும்.

யமனாஷி மாகாணத்து மலைகளில் உள்ள கெய்யுன்கான் விடுதி 705ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் பதிவும் பெற்றிருக்கிறது. அத்தனை பழைய மரபில் வந்த அடுப்பு நமது உலாத்தலுக்காகக் காத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சைவம்தான் உண்மையான சிக்கல். காய்கறிக் குழம்பிலும், மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும்கூட உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு பெரும்பாலும் இருக்கும். வந்து இறங்கிய பிறகு சொல்வதில் பயனில்லை. முன்பதிவின்போதே, மீன்சாறும் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று மறுக்கும் விடுதிகளும் உண்டு. சமாளித்துக்கொள்ளலாம் என்பவரைவிட அவர்களே நம்பத்தக்கவர்கள்.

என் யோசனை, வகயாமா மாகாணத்தில் உள்ள கோயாசான் மலைக்குச் செல்லுங்கள் என்பது. கூக்காய் என்ற துறவி 816இல் நிறுவிய பௌத்தத் தலம் அது. அங்கே ஏறத்தாழ ஐம்பது கோயில்கள் பயணிகளுக்குத் தங்குமிடம் தருகின்றன. கோயிலின் மரபான சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. சாறு கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுப்பது. எள்ளை அரைத்து மாவுப்பொருளோடு கிளறிக் கட்டியாக்கும் கோமாதோஃபுவைத் தவறவிடாதீர்கள். ஆனால் ஒன்று: அங்கே சாப்பாட்டு நேரம் ஐந்தரைக்கே வந்துவிடலாம், விடியற்காலையில் வழிபாடு வேறு.

அதுவும் ஒத்துவராதென்றால், அடிவார நகரில் சாதாரண ஓட்டலில் தங்கி, வெளியாட்களையும் பகலில் கட்டணத்துக்குக் குளிக்க அனுமதிக்கும் வெந்நீரூற்று விடுதி ஒன்றுக்குச் சென்று வாருங்கள். ஆண், பெண் குளங்கள் தனித்தனி, உடை கூடாது, உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே நீரில் இறங்க வேண்டும். இதில் மட்டும் அவர்கள் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை.