அடைப்புக்குறிக்குள் ஒரு சொட்டு

கேள்வி: கல்லூரி விழாவுக்காக அட்டையில் வெட்டி ஒட்டிய போர்வீரன் தலைக்கவசத்துக்கு ரெசின் பூசி, உள்ளே ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி உறுதியாக்கினேன். கலக்கும்போது கிண்ணம் சூடாகிப் புகைந்தது. அன்று இரவு தலைவலி, குமட்டல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு இரண்டு நாளாகக் கைகளில் அரிப்பு. கண்ணாடி இழைத் தூள் நுரையீரலில் தங்கி ஆஸ்பெஸ்டாஸ் போலப் புற்றுநோய் தரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஸ்கேன் எடுக்கட்டுமா? (நடுவில், ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு வலது கண்ணில் தெறித்தது. உடனே தண்ணீர் அடித்தேன். மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது. விளக்கைப் பார்த்தால் மட்டும் கூசுகிறது.) விழாவுக்குப் பத்து நாள் இருக்கிறது. கவசத்தை அணியலாமா?
– 21 வயது வாசகர், கோவை

பதில்: ஸ்கேன் வேண்டாம். ஒரு கவசம் செய்ததற்காகப் புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்களே ஒரு விஷயம், அதற்காக இன்றே கண் மருத்துவரிடம் போகிறீர்கள். மீதியை ஆட்டோவில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

கடையில் ஹார்டனர் என்று சின்ன பாட்டிலில் ஊற்றித் தருகிறார்களே, அது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. ரெசினுக்குள் ஒரு சங்கிலி வினையைத் தொடங்கிவைப்பதுதான் அதன் வேலை. கண்ணில் விழுந்தாலும் அது சும்மா இருக்காது. கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டு உள்ளே இறங்கும். எண்ணெய்ப் பசையுள்ள திரவத்தில் கலந்து விற்பதால் இரண்டு கை தண்ணீருக்கெல்லாம் அது போய்விடாது.

கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பைக் கண்ணாடியில் பாருங்கள். கருவிழியின் மேல்தோல் உதிர உதிரப் புதிதாக வளர்ந்து வருவது அந்த வளையத்தில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்துதான். அவை வெந்துபோனால் புண் ஆறியது போலத் தெரிந்து மறுபடி மறுபடி உடையும். இந்த ரசாயனம் பட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் கருவிழி அழற்சி திரும்பி வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. சிவந்து கலங்கிய கண்ணைவிட, ரசாயனம் பட்ட பிறகு அந்த வளையம் ரத்த ஓட்டமின்றி வெளுத்துக் கிடக்கும் கண்தான் எங்களுக்குக் கவலை. அதில் வலிகூடக் குறைவாகவே இருக்கலாம். "வலி இல்லை, அதனால் சரியாகிவிட்டது" என்று நீங்களே சான்றிதழ் எழுதிக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, கண்ணில் மணல் இருப்பது போன்ற உறுத்தல் – இவற்றில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் கருவிழி இன்னும் ஆறவில்லை என்று பொருள். உங்களுக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது.

மருத்துவர் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தை ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். ஐந்து நிமிட வேலை.

அந்த மெடிக்கல் சொட்டு மருந்துக்கு வருவோம். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அது அமுக்கிவிடும். புண் அடியில் அப்படியே இருக்கும். ரசாயனம் பட்ட கண்ணுக்கு நாங்களே சில நாள் ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. ஆனால் சாயம் போட்டுப் பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுக்கிறோம். மேல்தோல் உரிந்த கண்ணில் யாரும் பார்க்காமல் ஸ்டீராய்டு விடுவது பூஞ்சைப் புண்ணுக்குப் பாய் விரிப்பது போல. நம் ஊர்ப்பக்கம் கருவிழியில் பூஞ்சைப் புண் சாதாரணமாக வரும் நோய். இனி ஒரு சொட்டும் விடாமல் அந்த மருந்து பாட்டிலையும், ஹார்டனர் லேபிளின் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை தெறித்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். இமைகளை விரலால் பிரித்துப் பிடித்து, விழியை நாலு பக்கமும் உருட்டிக் கழுவ வேண்டும். முதல் சில நொடிகளில் தண்ணீர் பட்டால்தான் பெரிய லாபம் என்பதால், வேலை செய்யும் மேசையிலேயே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் திறந்து இருக்கட்டும்; கழுவிக்கொண்டே குழாய்க்குப் போகலாம். பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

தெறித்ததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டிலை நேராக அழுத்தியதுதான். வெயிலில் கிடந்த ஹார்டனர் பாட்டிலுக்குள் வாயு சேர்ந்திருக்கும். மூடியைத் திருகியதும் பீய்ச்சும். நிழலில் வைத்து, முகத்தை விலக்கித் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். பவர் கண்ணாடி போதாது. பக்கங்களையும் மூடும் ரசாயன காகிள்ஸ் வேண்டும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் உங்கள் கடையில் ஊதா நிறத்தில் தனியாகக் கொடுத்திருந்தால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் ஹார்டனரைத் தொட வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஆஸ்பெஸ்டாஸ் நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகும். அதனால்தான் நுரையீரலின் அடி வரை போய்த் தங்குகிறது. உங்கள் மேட்டில் உள்ள இழை சுமார் 10 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் தடிமன். உடைந்தால் முருங்கைக்காயை நறுக்கியது போலக் குறுக்கே உடைந்து குட்டையாகுமே தவிர மெலியாது. நுரையீரலின் ஆழத்துக்குப் போக 3 மைக்ரானுக்குக் கீழ் இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த வகை இழையைப் புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் சேர்க்கவில்லை. தூள் மூக்கையும் தொண்டையையும் அறுக்கும், இருமல் வரும். அதற்கு என்-95 மாஸ்க்கும், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதும் போதும்.

ரெசின் வாடைதான் ஸ்டைரீன். அதே நிறுவனம் 2018-இல் ஸ்டைரீனை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற பிரிவுக்கு உயர்த்தியது உண்மை. அது வருடக்கணக்கில் தினமும் அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்கள் பற்றிய பேச்சு. ஒரு மாலை வேலை செய்தவருக்கு அது சிறுநீரில் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். தலைவலியும் குமட்டலும் மூடிய அறையில் வேலை செய்ததன் கூலி. என்-95 ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும், வேலை மொட்டை மாடியில் நடக்க வேண்டும். கிண்ணம் புகைந்தது ஹார்டனர் அதிகமானதால், அல்லது மொத்த ரெசினையும் ஒரே தடவையில் கலந்ததால். 100 கிராம் ரெசினுக்கு நம் ஊர் வெயிலில் 1 மில்லி போதும், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் இரண்டு அடுக்கு ஒட்ட ஒரு கவசத்துக்கு அரை கிலோ ரெசின் ஆகும்; ஐந்து தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அசிட்டோனில் கை கழுவாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிட்டு ரெசினை உள்ளே அனுப்பும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு.

அரிப்பு இழை குத்திய அரிப்பு. சொறியாமல் குளிர்ந்த தண்ணீரில் அலசி, செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் இழைகள் வந்துவிடும். ஓரிரு நாளில் அடங்கும். தடித்துக் கொப்புளமானால் அது ரெசின் அலர்ஜி, தோல் மருத்துவரைப் பாருங்கள். படை மருந்து என்று விற்கும் ஸ்டீராய்டு டியூபைத் தேடிப் போகவேண்டாம். வேலை செய்தபோது போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

கவசத்தை அணியலாம், ஆனால் இன்றைக்கு இருக்கும் நிலையில் வேண்டாம். உள்பக்கம் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறதா? காற்று பட்ட ரெசின் மேற்பரப்பு முழுதாக இறுகாது. கையுறை போட்டு, துணியில் அசிட்டோன் நனைத்து அந்தப் பிசுபிசுப்பைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். துடைத்த பிறகும் நகம் பதிகிற அளவு மெத்தென்று இருந்தால் ஹார்டனர் போதவில்லை. அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான். இறுகியதும் துருத்தி நிற்கும் இழைகளை 80-ஆம் நம்பர் எமரி ஷீட்டால், நனைத்து, மழுக்கி, பெயிண்ட் ஒரு கோட் கொடுத்து, நெற்றியும் கன்னமும் படும் இடங்களில் ஃபோம் ஒட்டுங்கள். மூடிவைத்த கவசத்துக்குள் ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். ரெசின் வாடை அடித்தால் இன்னும் இரண்டு நாள் வெயில். விழா அன்று மேடை விளக்கின் கீழ் நிற்கலாமா என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்யட்டும்.