பத்து வருடத்தில் தாம்பரமா?

கேள்வி: ஆரம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு எல்லை தாண்டி ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் வேலை, சம்பளம் 38,000 ரூபாய். வாடகை 6,000. கையிருப்பு 6 லட்சம். எளாவூர் பக்கம் 16 லட்சத்துக்கு ஒரு மனை பேசியிருக்கிறோம். மீதிக்கு வங்கிக் கடன். "பத்தே வருஷத்துல இந்த இடம் தாம்பரம் மாதிரி ஆயிடும்மா" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம், சகோதரி.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931இல். அது மாநகராட்சி ஆனது 2021இல். நடுவில் 90 வருடம். கல்லூரி, விமானப்படைத் தளம் என்று ஒவ்வொன்றாக வந்து, கூடவே சம்பளக்காரர்களும் குடியேறித்தான் அந்த ஊர் உருவானது. உங்கள் பக்கமும் வளரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, மறுபுறம் ஸ்ரீசிட்டி. புறநகர் ரயிலும் சூலூர்பேட்டை வரை போகிறது. ஆனால் மனை போட்டவருக்கும் இதெல்லாம் தெரியும். வரப்போகிற தாம்பரத்தின் விலையை இன்றே உங்களிடம் கேட்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,140 ரூபாய். கட்டி முடிக்கையில் 18 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வாடகையும் நிற்காது, இரண்டும் சேர்ந்து மாதம் 16,000க்கு மேல். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: இன்னும் 1.44 லட்சம். அதற்குக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் ஒருவர் படுத்தால் நகைதான் அடகுக்குப் போகும். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

எல்லை தாண்டி ஆந்திராவில் தடா பக்கம் மலிவாகக் காட்டுவார்கள். அங்கே ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். வாசித்துச் சொல்ல நம்பகமான வக்கீல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வைப்பு நிதியில் தனியாக ஒதுக்குங்கள். பிறகு 10 லட்சத்துக்குள் சின்ன மனை தேடுங்கள். அந்த விலைக்குள் பெண்ணான உங்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண், மனைமீது வேறு கடனோ உரிமையோ உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று. எந்த மனைப்பிரிவானாலும் ஒருநாள் இரவு 9 மணிக்குக் கணவரோடு போய் நில்லுங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, ஸ்டேஷனிலிருந்து நடந்து வர எவ்வளவு நேரமாகிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அதை வைத்து விலை பேசலாம்.