அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கியது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபிறகு அவரால் தனியாக இருக்க முடியவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஏழு மாதமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சுத்தமான, நல்ல இடம். அறைக்குப் புதுத் திரைச்சீலை, டிவி, அவருக்குப் பிடித்த நிறத்தில் போர்வை எல்லாம் வாங்கி வைத்தேன். அப்பாவின் படத்தையும் மாட்டியிருக்கிறேன். வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். வந்த புதிதில் சாப்பிட்டதும் தட்டைக் கழுவ எழுந்துவிடுவாராம். "நீங்க உட்காருங்கம்மா" என்று ஊழியர்கள் வாங்கிக்கொள்வார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் "வீட்டுக்கு எப்பப் போறது?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. அந்த அறை அவருக்கு வீடு மாதிரி இருக்க இன்னும் என்ன செய்யலாம்?
— ஒரு மகள்

பதில்: முதலில், இனி எதுவும் வாங்காதீர்கள்.

அம்மாவை இல்லத்தில் சேர்த்தது சரியா, தவறா என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இதே மாதிரி நிறையக் கடிதங்கள் படித்துவிட்டேன். முறிந்த இடுப்போடு ஒருவரைப் பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக விட முடியாது. அதோடு அந்தப் பேச்சை விடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி: "இப்போது அந்தத் தொல்லை இல்லை."

எது தொல்லை? 78 வயதுப் பெண் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ எழுந்தாரே, அதுவா? அந்த இல்லத்தில் உங்கள் அம்மா தன் வீட்டில் இருப்பதுபோல் நடந்துகொண்ட ஒரே நேரம் அதுதான். சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறவர் விருந்தாளி. ஏழு மாதமாக அம்மாவை விருந்தாளியாக உட்கார வைத்திருக்கிறீர்கள். விருந்தாளி "எப்பப் போறது?" என்று கேட்காமல் வேறென்ன கேட்பார்?

1976-ல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அன்றாடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியை அவர்களே தேர்ந்தெடுத்து வளர்க்க விட்டார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை நர்ஸுகளுடையது. மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, மகிழ்ச்சியாக இருந்தார்கள். இரண்டு மாடியிலும் செடி இருந்தது, அறையின் அழகில் குறைவில்லை. உங்கள் திரைச்சீலையும் போர்வையும் இரண்டாவது மாடிச் செடிகள்.

பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றபோது நாய், பூனை, நூறு பறவைகள் என்று உள்ளே கொண்டுவந்தார். (ஊழியர்கள் என்ன திட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.) இப்படிப்பட்ட இல்லங்களில் மனிதர்களைத் தின்பவை மூன்று என்றார் அவர்: தனிமை, சலிப்பு, கையாலாகாத நிலை. இந்த மூன்றாவதற்கு அவர் சொன்ன மருந்து, பிறர் தன்னைக் கவனிப்பது போலவே தானும் எதையாவது கவனிக்க இடம் கிடைப்பது.

பெற்றவளிடம் வேலை வாங்கக் கூடாது என்று நினைக்கிற நல்ல பிள்ளைகள் நிறையப் பேர். அவளிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதுதான் பெரிய பாவம் என்பது என் கட்சி. இதை நான் யோக்கியம்போல் சொல்லவில்லை. என் மாமியார் கையிலிருந்த துடைப்பத்தை "நான் பார்த்துக்கறேன் அத்தை" என்று வாங்கி வைத்தவள் நான். பாசம்தான். அதற்குப் பிறகு அவர் அறையைவிட்டு வெளியே வருவதே குறைந்துபோனது. ஏன் என்று எனக்கு உறைத்தபோது அவர் இல்லை.

இல்லத்து ஊழியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஈரத் தரையில், சிங்க் முன்னால், அறுவை செய்த இடுப்போடு நின்றால் வழுக்கும். திரும்ப விழுந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தட்டு கழுவுவதை மேஜையில் உட்கார்ந்தும் செய்யலாமே? ஒரு சின்ன டப்பில் தண்ணீர், ஒரு துணி, அவருடைய தட்டும் டம்ளரும் போதும். பிறகு அவர்கள் சமையலறையில் மறுபடி கழுவிக்கொள்ளட்டும். அதை அம்மா கண் முன்னால் செய்ய வேண்டாம், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் உட்காரலாம், நிற்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். பொறுப்பாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஷிஃப்ட் மாறினால் அது காற்றோடு போய்விடும். அம்மாவின் பராமரிப்புக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தட்டை அவரே கழுவுவார், துண்டுகளை அவரே மடிப்பார், உள்ளே வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு அவர் "வாங்க" என்று சொன்னபிறகு வரவேண்டும். அந்தக் கடைசி ஒன்றுக்கு நீங்களும் கட்டுப்பட வேண்டும். முடியாத நாளில், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அவரைச் சம்பளமில்லாத ஆளாக்கிவிடக் கூடாது.

இனி நீங்கள். வாரம் தவறாமல் போகிறீர்கள், சரி. போய் "சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு வருகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். அது டாக்டர் ரவுண்ட்ஸ். ஏழு மாதத்தில் ஒரு தடவையாவது அம்மாவிடம் ஏதாவது உதவி கேட்டீர்களா? ஆபீஸில் யாரோடு சண்டை, எதில் பணம் மாட்டிக்கொண்டது என்று சொன்னீர்களா? கவலைப்படுவார் என்று மறைத்திருப்பீர்கள். படட்டுமே. பெற்ற பெண்ணுக்காகக் கவலைப்படுவது அவர் உரிமை, அதையும் பிடுங்காதீர்கள்.

அடுத்த வாரம் கை நிறையப் பையோடு போகாதீர்கள். உங்கள் கணவரின் பட்டன் அறுந்த சட்டை ஒன்று, ஊசி நூல், இவ்வளவு போதும். "எனக்கு நேரமே இல்லம்மா, இதைத் தைச்சுக் குடு" என்று கொடுங்கள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாவிட்டால் அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பட்டன் கோணலாக வந்தால் வீட்டுக்கு வந்து பிரித்துத் தைக்காதீர்கள். அப்படியே போட்டுக்கொண்டு அடுத்த வாரம் மாமியாரைப் பார்க்க வரச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.